காவலாளியும் சிரித்தார்

வாசகர் கேள்வி, தானே நகரம், 18 ஜனவரி 2026

எங்கள் குடியிருப்பில் உள்ள தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து நேற்று மாலை பொங்கல் விழா நடத்தினோம். கல்லூரியில் படிக்கும் பையன் ஒருவன் கால் மணி நேரம் மேடையில் நின்று நகைச்சுவையாகப் பேசினான். பேச்சில் பெரும்பகுதி பீகாரிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் வந்து காவலாளி வேலை பார்ப்பவர்களைப் பற்றியது: குளிப்பதில்லை, கண்ட இடத்தில் பான் துப்புகிறார்கள், ஒருவனுக்கு வேலை கொடுத்தால் பின்னாலேயே ஊர் முழுவதும் வந்து இறங்கிவிடும் என்ற விதமாக. அரங்கம் குலுங்கிச் சிரித்தது. மூன்று குடும்பத்தினர் பாதியில் எழுந்து போனார்கள். அவர்களில் ஒருவர் இது வெறுப்புப் பேச்சு என்று இன்று காலை குழுச் செயலாளருக்குக் கடிதமே எழுதிவிட்டார். நகைச்சுவை என்றால் யாருக்காவது தைக்கத்தான் செய்யும். அதற்கெல்லாம் வெறுப்பு என்று பெயர் சூட்டினால் பிறகு யாரும் வாயைத் திறக்க முடியாது என்பது என் கருத்து. கோடு எங்கே இருக்கிறது?

பதில், 18 ஜனவரி, இரவு

தைக்கத்தான் செய்யும் என்பது வரை உங்களோடு உடன்படுகிறேன். மனம் புண்பட்டது என்பதை மட்டும் அளவுகோலாக வைத்தால் என்ன ஆகும் என்பதை நமக்கு அருகில் உள்ள பால்கரில் பார்த்தோம். 2012 நவம்பரில், சிவசேனைக் கட்சியை நிறுவிய பால் தாக்கரே மறைந்தபோது மும்பை முடங்கியது. அதைப் பற்றி ஃபேஸ்புக்கில் ஓர் இளம்பெண் கேள்வி எழுப்பினார், இன்னொரு பெண் அதற்கு விருப்பம் தெரிவித்தார், இருவரும் கைதானார்கள். எரிச்சலூட்டுவதையும் அசௌகரியம் தருவதையும்கூடக் குற்றமாக்கியிருந்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை, 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் ஷ்ரேயா சிங்கால் வழக்கில் ரத்து செய்தது. ஒரு கருத்தை விவாதிப்பது வேறு, அதற்காக வாதாடுவது வேறு, அதைக் கொண்டு தூண்டிவிடுவது வேறு என்று அந்தத் தீர்ப்பு பிரித்துக் காட்டியது. முதல் இரண்டும் எவ்வளவு கசந்தாலும் அரசு கைவைக்கக் கூடாது.

குழுக்களுக்கு இடையே பகைமை வளர்ப்பதைத் தண்டிக்கும், தண்டனைச் சட்டத்தின் 153ஏ பிரிவு தனியாக இருக்கிறது. அந்தப் பையனின் பேச்சு அதன் அருகில்கூடப் போகவில்லை என்றே இப்போதைக்கு நினைக்கிறேன்.

ஆனால் எழுந்து போனவர்களின் வருத்தத்தை வைத்து முடிவுகட்ட முடியாது என்றால், அரங்கத்தின் சிரிப்பை வைத்தும் முடிவுகட்ட முடியாது. நீங்கள் எழுதியதில் ஒரு விவரம் இல்லை. அன்று மாலை வாசலில் பணியில் இருந்த காவலாளி எந்த ஊர்க்காரர்? பையன் பேசிக்கொண்டிருந்தபோது அவர் எங்கே இருந்தார்?

19 ஜனவரி

கோடு சொல்லுக்குள் இல்லை என்று நான் நம்புவதற்கு என் அப்பாதான் காரணம். அவர் 1962-இல் கும்பகோணத்திலிருந்து வந்து, மாட்டுங்காவில் ஐந்து பேரோடு ஓர் அறையில் தங்கி, ஃபோர்ட் பகுதியில் ஓர் அலுவலகத்தில் தட்டச்சராகச் சேர்ந்தார். பக்கத்து மேசைக்காரர் அவரை ஒவ்வொரு நாளும் ‘யண்டு குண்டு’ என்று சொல்லித்தான் வரவேற்பார். தென்னாட்டு மொழிகள் அந்த ஊர்க் காதில் விழும் ஓசையை வைத்துக் கட்டிய கேலி அது. அப்பாவும் சிரித்துவிட்டு மராத்தியில் ஏதாவது திருப்பிச் சொல்வார். இருவரும் சேர்ந்துதான் தேநீர் குடிக்கப் போவார்கள். அதை வெறுப்பு என்று அப்பா ஒருநாளும் சொன்னதில்லை, நானும் சொல்ல மாட்டேன்.

அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, 1960 ஆகஸ்ட் 13 அன்று, கேலிச்சித்திரக்காரரான பால் தாக்கரே ‘மார்மிக்’ என்ற வார இதழைத் தொடங்கியிருந்தார். சிரிக்க வைப்பதற்காகவே பிறந்த இதழ் அது. பம்பாய் நிறுவனங்களில் உயர்ந்த பதவிகளில் இருந்த தென்னிந்தியர்களின் பெயர்களை அது பட்டியலாக வெளியிடத் தொடங்கியது. ‘படித்துவிட்டுச் சும்மா இருங்கள்’ என்ற பொருளில் முதலில் தலைப்பு வைத்தார்கள். பிறகு அது ‘படித்துவிட்டு எழுந்திருங்கள்’ என்று மாறியது. 1966 ஜூன் 19 அன்று சிவசேனை பிறந்தது. ‘பஜாவ் புங்கி, ஹடாவ் லுங்கி’ என்ற முழக்கம் தெருவுக்கு வந்தது. ஊதலை ஊது, லுங்கிக்காரனை விரட்டு என்று பொருள். தனியாக எடுத்துக் காதில் வாங்கினால் குழந்தைகள் ஓடிப்பிடித்து விளையாடும்போது பாடும் பாட்டைப் போல எதுகையோடு துள்ளும். அந்த ஆண்டுகளில் உடுப்பி உணவகங்கள் தாக்கப்பட்டன.

அப்பாவின் மேசைக்கு வருகிறேன். 1967-இலும் அதே மனிதர் அதே ‘யண்டு குண்டு’வைத்தான் சொன்னார். அவர் மனத்தில் புதிதாக விஷம் ஏதும் ஏறவில்லை என்று அப்பா கடைசிவரை சாதித்தார். ஆனாலும் அந்த ஆண்டில் அப்பா திருப்பிச் சொல்வதை நிறுத்திவிட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலுக்கு வேட்டி கட்டிக்கொண்டு தெருவில் நடந்து போவதையும் நிறுத்தினார்; வேட்டியைப் பையில் கொண்டுபோய், கோயிலுக்குள் ஒரு தூண் மறைவில் மாற்றிக்கொண்டு, திரும்பும்போது மறுபடியும் கால்சட்டைக்கு மாறிக்கொண்டார். சொன்னவரும் சொல்லும் மாறாமல் இருக்க, கேட்டவரால் இனிப் பதில் சொல்ல முடியாது என்ற நிலை மட்டும் வந்து சேர்ந்தது. கோடு அங்கேதான் கடக்கப்பட்டது.

19 ஜனவரி, பிற்பகல்

ஒரு திருத்தம். 2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் இருப்பதால், 153ஏ என்று நான் எழுதியது இப்போது 196-ஆம் பிரிவு. இன்னொன்றையும் நான் அவசரமாகச் சொல்லிவிட்டேன். மதம், மொழி ஆகியவற்றோடு பிறந்த இடத்தையும் வசிப்பிடத்தையும் அந்தப் பிரிவு கணக்கில் கொள்கிறது. ஆகையால் பீகார்க்காரர்களைப் பற்றிய பேச்சு அதன் அருகில்கூடப் போகவில்லை என்பது தவறு. பகைமையை மூட்டும் நோக்கம் இருந்ததா என்று நீதிமன்றங்கள் தனியாகத் தேடுகின்றன. பொங்கல் மேடையில் பேசிய ஒரு மாணவனிடம் அந்த நோக்கம் இருந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

21 ஜனவரி

மாட்டுங்காவில் பட்ட கேலியை விரிவாக எழுதினீர்களே, ரயில் பாதைக்கு மேற்கே தாராவியில் இருந்த தமிழர்களைப் பற்றி உங்கள் கட்டடத்தில் என்ன பேசிக்கொண்டார்கள் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இரண்டு நாட்கள் இதற்குப் பதில் எழுதாமல் இருந்தேன்.

தோல் பதனிடும் வேலைக்காகத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவிக்கு வந்த தலித் குடும்பங்களும் முஸ்லிம் குடும்பங்களும் எங்கள் முன்னோர் இந்த ஊருக்கு ரயில் ஏறுவதற்கு முன்பே இங்கே குடியேறியவர்கள். எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்த்த அம்மாள் அங்கிருந்துதான் நடந்து வருவார். அவர் ‘ஏளா’ என்று தன் மகளைக் கூப்பிடுவதையும், ‘வாரேன்’ என்று விடைபெறுவதையும் என் பெரியம்மா அப்படியே பேசிக்காட்டுவார். நாங்கள் குழந்தைகள் வயிறு வலிக்கச் சிரிப்போம். தாராவியில் பிறந்த குழந்தையிடம்கூட மாட்டுங்கா வீட்டுச் சாவி ஒன்று இருக்கும் என்பது பெரியப்பா வழக்கமாகச் சொல்லும் நகைச்சுவை. வீட்டுக்கு யார் வந்தாலும் அதைச் சொல்வார். வந்தவர்களும் சிரிப்பார்கள்.

1979-இல், எனக்கு ஒன்பது வயது இருக்கும்போது, பூஜை அலமாரியிலிருந்து வெள்ளிக் குங்குமச் சிமிழ் ஒன்று காணாமல் போனது. அந்த வாரம் பால்காரர் வந்திருந்தார், இஸ்திரிக்காரர் வந்திருந்தார், ஊரிலிருந்து இரண்டு உறவினர்கள் வந்து தங்கிவிட்டுப் போயிருந்தார்கள். யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. மறுநாள் காலை அந்த அம்மாள் வந்ததும், முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காட்டு என்று பெரியம்மா சொன்னார். முடிச்சில் கொஞ்சம் சில்லறையும் ஒரு பாக்கும் இருந்தன. அவர் முடிச்சை மறுபடியும் போட்டுக்கொண்டு அன்றைய பாத்திரங்களைத் தேய்த்து முடித்துவிட்டுத்தான் போனார். அதற்குப் பிறகு வரவில்லை. சிமிழ் கிடைக்கவே இல்லை.

பெரியம்மா கொடியவர் அல்லர். காய்ச்சலில் கிடந்த அந்த அம்மாளின் மகளுக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்து அனுப்பியவரும் அவர்தான். ஆனால் சிமிழ் காணாமல் போவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே எங்கள் வீட்டில் குற்றவாளி முடிவாகிவிட்டார். அந்த முடிவை எங்கள் மனத்தில் ஏற்றிவைத்தது பெரியப்பாவின் சாவி நகைச்சுவை. அதில் வசவு இல்லை, குரலை உயர்த்தக்கூட இல்லை. நாங்கள் ஒவ்வொரு முறை சிரித்தபோதும் அதற்குக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தோம்.

19-ஆம் தேதிக் குறிப்பில் அடிபட்டவரின் மகனாக மட்டும் பேசினேன். சிரித்தவர்களின் வீட்டுப் பிள்ளையும் நானே. இரண்டையும் சேர்த்துப் படியுங்கள்.

22 ஜனவரி

ஒரு சிமிழை வைத்து இவ்வளவு பெரிய முடிவுக்கு வரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. தாமஸ் ஃபோர்டு என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2008-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதற்குத் துணையாகும். ஆண்களில் சிலருக்குப் பெண்களை இழிவுபடுத்தும் நகைச்சுவைத் துணுக்குகளைக் கொடுத்தார்கள். வேறு சிலருக்கு அதே இழிவை நகைச்சுவை இல்லாமல் நேரடியான வாக்கியங்களாகக் கொடுத்தார்கள். இன்னும் சிலருக்கு யாரையும் தொடாத துணுக்குகளைக் கொடுத்தார்கள். பிறகு ஒரு பெண்கள் அமைப்புக்கு எவ்வளவு பணம் கொடுக்கத் தயார் என்று கேட்டார்கள். ஏற்கெனவே பெண்கள் மீது பகைமை கொண்டிருந்த ஆண்களில், இழிவான துணுக்குகளைப் படித்தவர்களே குறைவாகக் கொடுக்க முன்வந்தார்கள். நேரடியான வாக்கியங்கள் அந்த விளைவைத் தரவில்லை.

இந்தக் கடைசி வரிதான் என்னை உட்கார வைத்தது. வெறும் வாக்கியத்தைக் கேட்டவுடன் மனம் விழித்துக்கொள்கிறது. சிரிப்போடு வரும்போது, இங்கே இது அனுமதிக்கப்பட்டது என்ற செய்தியும் கூடவே உள்ளே போய்விடுகிறது. நகைச்சுவை புதிதாக வெறுப்பை உண்டாக்குகிறது என்று இந்த ஆய்வு சொல்லவில்லை. ஏற்கெனவே உள்ளே இருப்பவனுக்குக் கதவைத் திறந்துவிடுகிறது என்றுதான் சொல்கிறது.

‘பகையென்னும் பண்பி லதனை ஒருவன் நகையேயும் வேண்டற்பாற் றன்று’ என்ற 871-ஆம் குறளைப் பள்ளியில் மனப்பாடம் செய்தபோது, விளையாட்டுக்குக்கூடப் பகை வேண்டாம் என்ற எளிய அறிவுரையாகவே அதை எடுத்துக்கொண்டேன். ‘நகையேயும்’ என்பதில் உள்ள அழுத்தம் இப்போதுதான் காதில் விழுகிறது.

24 ஜனவரி

நான் கேட்ட கேள்விக்கு நீங்கள் பதில் எழுதியதற்கு நன்றி. காவலாளி பீகாரின் சிவான் மாவட்டத்துக்காரர், விழாவுக்கான நாற்காலிகளை அவர்தான் தூக்கி வந்து போட்டார், பையன் பேசியபோது அரங்கத்தின் கதவருகே நின்றிருந்தார், தமிழ் தெரியாது, எல்லாரும் சிரித்தபோது அவரும் சிரித்தார். அவரே சிரித்துவிட்டார், அப்புறம் என்ன வெறுப்பு என்று முடித்திருக்கிறீர்கள்.

நகை பிறக்கும் நிலைக்களன்களைத் தொல்காப்பியம் நான்காக வகுக்கிறது: எள்ளல், இளமை, பேதைமை, மடன். முதலாவதான எள்ளலுக்கு உரை எழுதும்போது, தான் பிறரை எள்ளி நகுவதும், பிறரால் தான் எள்ளப்பட்டபோது நகுவதும் என இரண்டு வகை உண்டு என்று பேராசிரியர் என்ற பழைய உரையாசிரியர் பிரிக்கிறார். எள்ளப்பட்டவனும் நகுகிறான் என்பதை அவர் கவனித்திருக்கிறார். என் அப்பா 1962-இல் சிரித்ததும் சிரிப்புதான். ஆனால் அவர் திருப்பிச் சொல்லிவிட்டுச் சிரித்தார். உங்கள் காவலாளி தம்மைப் பற்றித்தான் பேச்சு என்பதே தெரியாமல், தமக்குச் சம்பளம் கொடுப்பவர்கள் சிரிக்கிறார்கள் என்பதற்காகச் சிரித்திருக்கிறார். இந்தச் சிரிப்பைச் சம்மதம் என்று எண்ணாதீர்கள்.

25 ஜனவரி

மேலே இருப்பவனைக் கேலி செய்தால் நகைச்சுவை, கீழே இருப்பவனைக் கேலி செய்தால் வெறுப்பு என்ற எளிய விதியை வைத்துக்கொண்டால் போதாதா என்று இன்னொருவர் எழுதியிருக்கிறார். நானும் பல ஆண்டுகள் இதையே சொல்லிக்கொண்டிருந்தேன். பாதி தூரம் இது நன்றாகவே வழிகாட்டும். 2025 மார்ச்சில், மும்பையில் பாந்திராவை அடுத்த கார் என்ற பகுதியில் நகைச்சுவைக் கலைஞர் குணால் கம்ரா ஓர் அரசியல் தலைவரைக் கேலி செய்து நடத்திய நிகழ்ச்சிக்குப் பிறகு, அந்த அரங்கத்தைக் கட்சிக்காரர்கள் அடித்து நொறுக்கினார்கள். அதிகாரத்தில் இருப்பவர் கேலிக்கு ஆளானது வெறுப்புப் பேச்சு ஆகாது என்பதில் எனக்குத் துளியும் ஐயமில்லை. பதவியில் இருப்பவருக்குப் பதில் சொல்ல ஆயிரம் வாய்கள் உண்டு.

ஆனால் 1960-களின் ‘மார்மிக்’ இதழைப் படித்தவர்கள் தங்களைக் கீழே இருப்பவர்களாகத்தான் நினைத்தார்கள். சொந்த ஊரில் வேலை கிடைக்காத மராத்தி இளைஞன், அதிகாரி நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் தென்னிந்தியனைக் கேலி செய்தால் அது மேல்நோக்கிய கேலிதானே? வேலை கிடைக்காத துன்பமும் உண்மையானது. அதிகாரியை நோக்கி எறிந்த கல், ஐந்து பேரோடு ஓர் அறையில் இருந்த என் அப்பாவின் மீதும் இட்லித் தட்டு கழுவிய பையன் மீதும் விழுந்தது. மேல், கீழ் என்பதை எறிகிறவனே முடிவு செய்துகொள்கிறான் என்பதுதான் இந்த விதியின் ஓட்டை.

அதனால் ஐ.நா. மனித உரிமை அலுவலகம் முன்னின்று நடத்திய ஆலோசனைகளின் முடிவில் 2012-இல் மொராக்கோவின் ரபாத் நகரில் ஏற்கப்பட்ட செயல்திட்டம் எனக்கு அதிகம் உதவுகிறது. சூழல் என்ன, பேசியவர் யார், நோக்கம் என்ன, எதை எந்த வடிவில் சொன்னார், எவ்வளவு தூரம் பரவியது, தீங்கு விளையும் வாய்ப்பு எவ்வளவு என்ற ஆறையும் ஒன்றாக எடைபோடச் சொல்கிறது அது. ருவாண்டாவில் 1993-இல் தொடங்கிய ஆர்.டி.எல்.எம். வானொலி, இளைஞர்களுக்குப் பிடித்த பாட்டும் அரட்டையும் நகைச்சுவையுமாகத்தான் வீடுகளுக்குள் நுழைந்தது. அந்நாட்டின் சிறுபான்மையினரான டுட்சி மக்களைக் கரப்பான்பூச்சி என்றது. 1994-இல் கொலைகள் தொடங்கியபோது அதே நிலையம் ஆட்களின் பெயர்களையும் மறைவிடங்களையும் ஒலிபரப்பியது. ஆறு கேள்விகளுக்கும் அங்கே பதில் ஒன்றுதான். உங்கள் பொங்கல் மேடையில் பேசியவனுக்குச் செல்வாக்கு இல்லை, கூட்டம் சிறியது, யாரும் கம்பெடுத்துக்கொண்டு கிளம்பப் போவதில்லை. ஆகவே அது குற்றமாகும் வெறுப்புப் பேச்சு அன்று. கடிதம் எழுதியவரிடம் நான் அப்படித்தான் சொல்வேன். குற்றம் இல்லை என்பதால் குறையும் இல்லை என்று உங்களிடம் சொல்ல மாட்டேன்.

26 ஜனவரி

மாற்றுத்திறனாளிகளைப் பற்றிய கேலியையும் இதே தராசில் வைப்பீர்களா என்ற கேள்விக்கு: 2024 ஜூலை 8 அன்று, ஒரு திரைப்படத்தை எதிர்த்துத் தொடுக்கப்பட்ட நிபுண் மல்ஹோத்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தொட்டது. குறைபாட்டைச் சுட்டி மனிதரைச் சிறுமைப்படுத்தும் நகைச்சுவை ஒன்று. குறைபாட்டைப் பற்றி ஊர் வைத்திருக்கும் தவறான எண்ணத்தைக் கேள்வி கேட்கும் நகைச்சுவை இன்னொன்று என்று தீர்ப்பு பிரித்தது. அந்தத் திரைப்படத்துக்குத் தடை விதிக்கவில்லை, ஆனால் இந்த வேறுபாட்டைத் தெளிவாகச் சொன்னது. காவலாளி நகைச்சுவைக்கும் அதைப் பொருத்திப் பார்க்கலாம்.

28 ஜனவரி

இது மும்பைப் பிரச்சினை, ஊரில் நாம் இப்படியெல்லாம் இல்லை என்ற பதிலைப் படித்து வருந்தினேன். ‘வடக்கன்’ என்ற சொல்லை வைத்துத் தமிழ்நாட்டிலிருந்து என் கைப்பேசிக்கு வரும் துணுக்குகள் ஒன்று இரண்டு அல்ல. ரயில் பெட்டியை நிரப்புகிறவன், பானிபூரி விற்கிறவன், வாயில் பான் போட்டவன். அவற்றில் ஒன்றை நானே என் உறவினர் குழுவுக்கு அனுப்பினேன். 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவின. அவை பொய் என்று தமிழகக் காவல்துறை விளக்கியது. பொய்யைப் பரப்பியவர்கள் மீது வழக்குகளும் வந்தன. ஆனால் அச்சம் பொய்யாக இல்லை. எங்கள் கட்டடத்தின் இரவுக் காவலாளி, திருப்பூரில் பின்னலாடை ஆலையில் இருந்த தம் தம்பியிடம் இரண்டு இரவுகள் தொடர்ந்து தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். பயப்பட வேண்டாம், எங்கள் ஊரில் அப்படி நடக்காது என்று நான் அவரிடம் சொன்னேன். சொல்லிவிட்டு மாடி ஏறி வந்து, குழுவுக்கு அனுப்பியிருந்த துணுக்கைத் தேடி அழித்தேன். உறவினர்களிடம் காரணத்தைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் அழித்தது கோழைத்தனம். இப்போது இங்கே எழுதுவதை அவர்களும் படிக்கட்டும்.

1 பிப்ரவரி

குழு இன்று கூடுவதாகவும், இனி மேடையில் எந்தச் சமூகத்தைப் பற்றியும் பேசக் கூடாது என்று விதி போடப் போவதாகவும் எழுதியிருந்தீர்கள். வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அப்படி ஒரு விதி வந்தால், தன் அப்பா இந்தியில் காய்கறிக்காரரோடு பேரம் பேசுவதைப் பற்றி அதே பையன் சொன்ன பகுதியும் போய்விடும். எழுந்து போன குடும்பத்தினரே அதற்கு விழுந்து விழுந்து சிரித்தார்கள் என்று நீங்களே சொன்னீர்கள். விதிக்குப் பதிலாகப் பையனை உட்கார வைத்து, அந்தக் கால் மணி நேரத்தையும் அந்தக் காவலாளிக்கு இந்தியில் வரிக்கு வரி மொழிபெயர்த்துச் சொல்லத் தயாரா என்று கேளுங்கள். எந்த வரியில் அவன் தயங்குகிறான் என்பதை அவனே பார்த்துக்கொள்ளட்டும்.

8 பிப்ரவரி

பையன் என்னோடு தொலைபேசியில் பேசினான். குளிப்பதில்லை என்ற வரியிலேயே நின்றுவிட்டதாகச் சொன்னான். ஏனென்றால் காவலாளிகளுக்கான குளியலறையில் தண்ணீர் காலை ஆறு மணிக்கே நின்றுவிடுகிறது என்பது அவனுக்குத் தெரியும். ஊரே வந்து இறங்கிவிடும் என்ற பகுதியை மட்டும் விட மனமில்லையாம். தன் தாத்தா கும்பகோணம் பக்கத்திலிருந்து பதினொரு பேரைக் கூட்டிவந்து ஒரே அறையில் தங்க வைத்த கதையாக அதை மாற்றப் பார்க்கிறானாம். சிரிப்பு வருமா என்று என்னைக் கேட்டான். முழுவதையும் எழுதிக்கொண்டு வா, கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றேன். தண்ணீர் விஷயத்தையும் செயலாளரிடம் எடுத்துச் சொல்லுமாறு சொல்லியிருக்கிறேன்.